ஈறு விஷயத்தில் ஒரு மன்னிப்பு

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு என் ஈறுகளைத் தவிர எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா என்று அறிய ஆவல்.

அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவன் நான். ஓர் ஒற்று விட்டுப்போனாலும் பிடித்துவிடுவேன் என்ற திமிர் எனக்கு உண்டு. போன மாதம் எங்கள் பைண்டரின் பணி நிறைவு விழாவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நானும் கண்கலங்கப் பேசி, "அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்" என்று முடித்து, எல்லோரையும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டேன். மரியாதை தெரிந்தவர், பைண்டரும் எழுந்து நின்றார். அவர் மனைவிதான், "இவர் இன்னும் இருக்காருங்க" என்றார்.

மறதி முற்றிவிட்டதென்று மறுநாளே உன் அண்ணி என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் ரத்தம் எடுத்தார், கேள்வி கேட்டார், கடைசியில் வாயைப் பார்த்துவிட்டுப் பல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா கம்பியால் லேசாகத் தொட்டதுமே ரத்தம்.

"எத்தனை வருஷமா இப்படி வருது?"

"பல் துலக்கும்போது மட்டும்தாங்க."

"தினமும் துலக்குவீங்களா?"

"பின்னே?"

"அப்ப தினமும் வருது."

ஈறைச் சுத்தம் செய்தால் ஞாபகம் திரும்புமா என்று கேட்டேன். "அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேங்க. ஈறு நோய்க்கும் மறதிக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க, முடிவாத் தெரியல. ஈறு ஆறும், பல் நிக்கும். அதுக்கு நான் பொறுப்பு" என்றார். இரண்டு தடவை போய்வந்தாயிற்று, இன்னும் இரண்டு பாக்கி. ரத்தம் நின்றுவிட்டது. மறதி எப்படியோ, தெரியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் மனசை அரிக்குதும்மா. பத்து வருஷத்துக்கு முன்னாலயே நீ எவ்வளவு கெஞ்சின, ஈறை டாக்டர்கிட்ட காட்டுன்னு! "உன் வாயை மூடு முதல்ல"ன்னு நான் கத்துனதும், நீ சாப்பிட்ட தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்து போனதும் கண்ணுக்குள்ளயே நிக்குது. தப்பு என்மேலதான். மன்னிச்சிடு.

நீயும் மாப்பிள்ளையும் பல்லோடும் நினைவோடும் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "தட்டை வெச்சுட்டு எழுந்து போனது நான்" என்றாள். "உங்க தங்கச்சி, 'அண்ணன் பல்லு இரும்பு, விடுங்க அண்ணி'ன்னுல்ல சொன்னா." ஆகவே மேற்படி மன்னிப்பை உன்னிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உரியவள் எதிரில்தான் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். கால்மணி நேரமாக எனக்கு வாய் திறக்க மாட்டேன் என்கிறது.