கிழக்கே தையற்காரர் வீடு

அன்புள்ள மைத்துனருக்கு அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு நீயும் குழந்தைகளும், 'சொந்த வீட்டுச் சாவி கைக்கு வந்தா கூப்பிடுங்க, அதுவரைக்கும் தம்பி வீடுதான்' என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த உன் அக்காவும் சுகம்தானே?

மாப்பிள்ளை, வீடு வாங்கிவிட்டேன்! 'பேங்க் ஏலத்துல போய் மாட்டிக்காதீங்க அத்தான்' என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாயே, ஒரு சிக்கலும் இல்லை. கடன் கட்டாத பழைய சொந்தக்காரர் கையெழுத்தே போட வேண்டாமாம். வங்கியே விற்பனைச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது, பதிவு செய்தால் அதுதான் நம் பத்திரம். 'வீடு எப்படி இருக்கோ அப்படியே எடுத்துக்கணும் சார், உள்ள ஆள் இருந்தா கிளப்புறதும் உங்க பாடு' என்று சொல்லித்தான் வங்கி மேலாளர் சாவியைக் கையில் கொடுத்தார். வீட்டை நேரில் பார்க்காமலே ஏலம் கேட்டவன் நான். போனால் தெருவில் ஒரு வீட்டுக்கும் இலக்கத் தகடு இல்லை. பத்திரத்தைப் புரட்டினேன், 'கிழக்கே தையற்காரர் வீடு' என்று தெளிவாக இருந்தது. அப்புறம் என்ன, கேட்டவுடன் கை காட்டிவிட்டார்கள். வங்கிச் சாவி பூட்டுக்குள் நுழையவே இல்லை. பழைய ஆள் பூட்டை மாற்றிவிட்டார் போலும் என்று பயந்துகொண்டே தட்டினால், தையற்காரரே திறந்து, 'வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன்' என்கிறார்! வீட்டை இழந்த மனுஷனுக்கு இவ்வளவு பெருந்தன்மையா? எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கூரை ஒழுகும் இடத்தை அவரே காட்டி, 'எப்ப முடியும்?' என்றார். தான் காலி பண்ணக் கெடு கேட்கிறார் என்று நினைத்து, 'உங்க சௌகரியம்போல, அவசரமே இல்ல' என்றேன். அவர் தையல் மெஷினை நிறுத்தி நிறுத்தி டீ போட்டுத் தர, நான் ஒழுகலை அடைத்து, குழாயை மாற்றி, உள்ளும் வெளியும் சுவரெல்லாம் உன் அக்கா ஆசைப்பட்ட அந்த இளம்பச்சையை அடித்து முடித்தேன். முதுகு விட்டுப்போச்சு, ஆனால் சந்தோஷம் தாங்கலை மாப்பிள்ளை!

அக்காவை ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏற்றிவிடு. குழந்தைகளுக்கு முத்தங்கள், உன் அறிவுரைகள் மொத்தமும் உனக்கே திரும்ப.

இப்படிக்கு,
இனி யாருக்கும் குடித்தனக்காரன் அல்லாத உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் தையற்காரரின் மகன் ஊரிலிருந்து வந்து, 'அப்பா, பெயிண்டரை நான் இன்னும் அனுப்பவே இல்லையே, இவர் யாரு?' என்றான். பத்திரத்தை வாங்கிப் படித்துவிட்டு, 'சார், கிழக்கே தையற்காரர் வீடுன்னா அது உங்க வீட்டோட கிழக்கு எல்லை. உங்க வீடு இதுக்கு மேற்கே, அடுத்த வாசல்' என்றான். அப்பாவும் பிள்ளையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கடைசியில் நானும்தான். அங்கே சாவி ஒரே திருப்பில் திறந்துகொண்டது. உள்ளே ஆள் இல்லை, சுவரெல்லாம் கரி, கூரை முழுக்க ஒழுகல். ஜன்னல் திரைகளைத் தானே தைத்துத் தருவதாகத் தையற்காரர் சொல்லிவிட்டார். அக்காவை அவசியம் அனுப்பு. அவள் ஆசைப்பட்ட பச்சை, நம் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு நேரே தெரிகிறது.