ஹூப்ளிக்கு ஒரு மணி நேரம்

பெங்களூரில் விமான நேர அட்டவணையை நம்பாத ஒரே மனிதர் கைக்குக்கைதான். பீன்யாவில் எங்கள் பட்டறையில் டெலிவரி பார்த்தார். வெளியூர் ஆலையில் எங்கள் உதிரிபாகம் உடைந்து மெஷின் நின்றால், புதியதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவது அவர் வேலை. நிஜப் பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேடு எழுதுகிற நானே அதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

"ஹூப்ளிக்கு ஃப்ளைட்ல ஒரு மணி நேரம்" என்று யாராவது சொன்னால் போதும். "அது பைலட்டுக்கு. இங்க ஒருத்தர் கையில இருந்து அங்க ஒருத்தர் கைக்குப் போக எவ்ளோ? கைக்குக் கை சொல்லு" என்பார். விமான நிலையம் போகும் வழியில் ஹெப்பாள் நெரிசல், எக்ஸ்ரேயில் பெட்டியைப் பார்த்த அதிகாரி யோசிக்கும் நேரம், இறங்கும்போது முன்வரிசைக்காரர் மேலிருந்து பையை எடுக்கும் நேரம், எல்லாவற்றுக்கும் நிமிடக் கணக்கு வைத்திருந்தார். மகளைப் பெண் பார்க்க வந்த கோயம்புத்தூர்க்காரர்கள், "ஃப்ளைட்ல ஒரு மணி நேரம்தாங்க" என்றார்கள். "வாசல்ல இருந்து வாசலுக்கா?" என்று கேட்டவர், அவர்கள் உட்கார்ந்து கூட்டிச் சொல்லும்வரை காபி தரவிடவில்லை. அப்படியும் கல்யாணம் நடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹூப்ளியில் ஒரு பால் பாக்கெட் ஆலையில் ஷாஃப்ட் உடைந்தது. நேரங்களை என் நாட்குறிப்பிலிருந்து எடுத்து எழுதுகிறேன். மூன்று மணிக்குள் புதியது போய்ச் சேராவிட்டால் மாலைப் பால் வீண். எங்கள் பட்டறைக்குப் பாதி வேலை தருகிற அந்த ஆலையும் கைவிட்டுப் போகும். ஷாஃப்ட் தயாரானபோது காலை 7.40. முதலாளி 11.10 விமானத்துக்கு டிக்கெட் போட்டார்.

"கைக்குக் கை அஞ்சரை மணி நேரம். 1.10க்குச் சேரும்," என்றார் கைக்குக்கை. "ஆனா ஸ்பேர் ஒண்ணு கடைஞ்சிருக்கோமே, அது ரோட்டுல போகட்டும் சார்."

"ரோட்டுலயா? ஏழு மணி நேரம் ஆகும்ப்பா."

"ஆகட்டும், 2.40. வானத்துல முந்நூத்தி எழுபது கிலோமீட்டர், ரோட்டுல நானூறு. ஏர்போர்ட்டு எங்கேயோ தேவனஹள்ளில கிடக்குது. ஹூப்ளி ரோடு நம்ம கேட்டைத் தொட்டுக்கிட்டுப் போவுது. அதை விட்டுட்டுப் போறோமே, அந்த ரோட்டைப் பார்த்தா உங்களுக்குப் பாவமா இல்லையா?"

முதலாளி சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் சம்மதம். அவர் விமானத்துக்குக் கிளம்பினார்; ஸ்பேரோடு காரில் என்னை ஏற்றினார்கள்.

வழியில் சித்ரதுர்கா தாண்டும்போது கைக்குக்கையின் போன். "தம்பி, ஃப்ளைட் லேட்டு. எங்க இருக்கே?"

தாவணகெரேயில் மறுபடியும். "இன்னும் லேட்டு. டிரைவர்கிட்ட பேசிக்கிட்டே வா, தூங்கிடப் போறாரு."

ஹாவேரியில் குரல் இறங்கியிருந்தது. "இப்பத்தான் ஏறச் சொல்றான். என்னால ஆகாது. இனி நீதான்."

2.41க்கு ஆலை ஃபிட்டர் ஷாஃப்ட்டை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மாலைப் பாலுக்கு ஆபத்தில்லை, ஆர்டருக்கும் இல்லை. கைக்குக்கையின் போன் மட்டும் அணைந்திருந்தது. மனிதர் வானத்தில் இருந்தார், விஷயம் தெரியாது. அதே காரில் விமான நிலையத்துக்குப் போய் நின்றேன்.

3.20க்கு வெளியே வந்தார். பன்னிரண்டு கிலோ பெட்டியை இடுப்புக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு, போனைப் போடக்கூட மறந்து, மூச்சிரைக்க, ஆட்டோவைத் தேடி ஓடினார். மூன்று மணி தாண்டிவிட்டது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினார்.

"ஓடாதீங்கண்ணே. கைக்குக் கை கொடுத்தாச்சு. 2.41."

பெட்டியைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார், கண்ணையும்தான்.

"ஒரு நிமிஷம் எங்க போச்சு?"

"கேட்டுல கையெழுத்து கேட்டாங்க."

"அதைச் சேர்க்காம விட்டுட்டேனே," என்று வருத்தப்பட்டார்.

பிறகு என் தோளில் கை போட்டு டீக்கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.