இராமேசுவரத்திற்கு ஒருவழிப் பயணம்

திருவனந்தபுரத்தில் ‘விசாரணை’யின் மகிழுந்தில் ஏறி, தம் மறைபொருள் ஒன்றையேனும் இழக்காமல் இறங்கியவர் எவருமிலர். ஸ்ரீவராகத்து வாடகை வண்டி நிலையத்தில் அவருக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது. இயற்பெயரை எவரும் கேட்டதில்லை. கேள்வி கேட்கும் வாய்ப்பை அவர் பிறருக்கு அளித்தால்தானே! மருத்துவமனைக்குச் செல்வோரின் நோயை மருத்துவருக்கு முன்பே அறிந்துகொள்வார். பெண் பார்க்கப் புறப்பட்ட ஒரு குடும்பத்தை வழியெல்லாம் வினவி, மாப்பிள்ளையின் மனத்தில் வேறொருத்தி இருப்பதைக் கறந்து, வண்டியைத் திருப்பி அவள் வீட்டு வாயிலில் நிறுத்தியவர். அத்திருமணத்தில் முதற்பந்தியில் உண்டவரும் அவரே.

இத்தகையவரை நான் அமர்த்தியது பிழை. அன்று வேறு ஓட்டுநர் கிட்டவில்லை. மனைவியின் சாம்பற் கலசத்தை இராமேசுவரத்துக் கடலில் கரைத்துவிட்டு, நானும் கரையேறாதிருப்பதென்று உள்ளத்துள் உறுதி செய்திருந்தேன். நாற்பத்தோராண்டு அவளோடு வழக்காடியவனுக்கு, எதிர்வழக்காட ஆளில்லாத வீடு பொறுக்கவில்லை.

விழிஞ்ஞம் தாண்டுமுன்பே தொடங்கினார்.

“சாரே, போகதுக்கு மட்டும் வண்டி போதும்னு சொன்னியளே. திரும்பதுக்கு?”

“பேருந்தில் வருவேன்.”

“எந்த பஸ்சு?”

“ஏதாவது.”

“ஏதாவதுன்னு ஒரு பஸ்சு ஓடுகதா நான் கேட்டதேயில்லியே!”

கடலோரச் சாலை நெடுகிலும் வலப்புறம் கடல், முன்னிருக்கையில் கேள்வி. குமரியிலும் ஓயவில்லை, உவரியிலும் ஓயவில்லை. தூத்துக்குடியில் தேநீருக்கு நிறுத்தியபோது, எடுத்துத் தருபவர்போல் என் பையை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

“கலசம் மட்டும்தான் இருக்கு. மாத்து வேட்டி எங்க? கடல்ல முங்குக ஆளு, நனைஞ்ச வேட்டியோட எந்த பஸ்சில சாரே ஏறுவாரு?”

பையை அவரிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவரும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. 

அந்தியில் யாத்திரிகர் விடுதியை அடைந்தோம்.

“தனி ஆளுக்கு ரூம் கிடையாதுங்கய்யா. போன மாசம்கூட ஒருத்தர்…” என்று தொடங்கிய எழுத்தர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“தனி ஆளா? அப்ப நான் யாரு? தம்பியாக்கும்!” என்று விசாரணை தம் ஆதார் அட்டையை மேசைமேல் அறைந்தார்.

எழுத்தர் அதை மூன்றுமுறை படித்தார். “கிறிஸ்தவப் பேரா இருக்கே. எப்படிண்ணே இவருக்குத் தம்பி?”

“அப்பன் வேற, அம்மை வேற. மத்தபடி கூடப்பொறப்புதான்.”

அறை கிடைத்தது. கட்டிலில் நான், கதவுக்குக் குறுக்கே பாய் விரித்து அவர். அவ்வளவு பெருங்குறட்டை விடுபவரைத் தாண்டிச் செல்வது எளிதென்று எண்ணி எழுந்தேன். குறட்டை நின்றது. அமர்ந்தேன். குறட்டை தொடர்ந்தது. விடியும்வரை இதே கச்சேரி.

காலையில் இடுப்பளவு நீரில் நின்றோம். காற்சட்டையோடு இறங்கியிருந்த அவர், என் வேட்டியின் முனையைத் தம் மணிக்கட்டில் முடிந்திருந்தார். மந்திரத்தின் நடுவே புரோகிதரிடம் திரும்பினார்.

“சாமி, இங்க நின்னு சொன்னா அவியளுக்குக் கேக்குமா?”

“நன்னாக் கேக்கும்.”

“அப்ப சாரே, நீங்க வர இனியும் நாளாவும்னு சொல்லுங்க.”

அவர் கை முடிச்சின்மேல் இறுகியிருந்தது. புரோகிதரும் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார். கடலைப் பார்த்துச் சொன்னேன். கலசத்தைக் கவிழ்த்தேன். அவள் மட்டும் போனாள்.

தூத்துக்குடியிலேயே வாங்கி மறைத்து வைத்திருந்த வேட்டியை விசாரணை நீட்டினார். ஏதோ கட்சிக் கரை. வாழ்நாளில் எக்கட்சியையும் சாராத நான் அதையுடுத்து ஊர் திரும்பினேன்.

வீட்டு வாயிலில் இறக்கிவிட்டு, “வியாழக்கெழமை காலையில பத்து மணிக்கு வாறேன். ரெடியா இரியுங்க” என்றார்.

“எங்கே செல்ல?”

“அது ஏறுன பெறகு தீருமானிக்கலாம்.”

வியாழனன்று அவர் வந்தது பதினொன்றரைக்கு. நான் எட்டு மணிக்கே செருப்பணிந்து வாயிலில் நின்றிருந்தேன்.