கப்பியரின் கழியாத துடக்கு

யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் இடைவிடாமல் துடக்குக் காத்த மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் கந்தோரின் தலைமை எழுதுவினைஞர் கப்பியர்தான். வீட்டில் பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் கோயிலுக்கோ கலியாணவீட்டுக்கோ போகாமல் ஒதுங்கியிருப்பார்களே, அந்தத் துடக்கு. இத்தனைக்கும் கப்பியர் கலியாணமே செய்யாதவர். பிள்ளை பெற்றவை அவர் வளர்த்த கப்பி மீன்கள்.

கப்பி முட்டையிடாது, குட்டிதான் போடும். அதுவும் மாதம் தவறாமல். ஒரு துடக்குக் கழிய நாலு நாள் இருக்கும்போதே அடுத்தது தொடங்கிவிடும். உடுவிலில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிள்ளையார் கோயில். மனிதர் ஆறு வருடமாக றோட்டின் மற்றப் பக்கத்தால்தான் நடந்தார்.

குட்டி போடும் நாளுக்கு லீவு எழுதிக் கொடுப்பார். தாய் மீன் தன் குட்டியையே விழுங்கிவிடும் என்பதால், தேத்தண்ணி வடிக்கும் வடியோடு தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து குட்டிகளை அள்ளி வேறு போத்தலில் விடவேண்டும். மறுநாள் கந்தோருக்குக் கற்கண்டு வரும். மத்தியானம் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியில், பிள்ளை பெற்ற பெண்களுக்கென்று காய்ச்சும் சரக்குக் கறி மணக்கும்.

“அண்ணை, பெத்தது மீன். சரக்கு உங்களுக்கு ஏன்?” என்று கேட்டேன்.

“உதுகள் வாயிலை வைக்குதில்லை. ஆரும் ஒராள் சாப்பிடத்தானே வேணும்?”

அவருடைய தங்கையின் மகள் தாரணிக்குக் கலியாணம் முற்றாகும்வரை இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றி இறக்கியது மாமன்தான். அந்த மாமன் துடக்கென்று கலியாணத்துக்கு வரமாட்டாராம். அவள் கந்தோருக்கே வந்து அழுதாள். கப்பியரும் ஒரு கோப்பை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மூக்குச் சிந்தினார்.

யோசனை சொன்னவன் நான். “ஆண் மீனுகளை வேறையாக்குங்கோ அண்ணை. கலியாணத்துக்கு ரெண்டு மாதம் கிடக்கு.”

வாலை விசிறித் திரிந்த மாப்பிள்ளைமார் அத்தனை பேரும் பிளாஸ்ரிக் வாளிக்குள் குடிபோனார்கள். முதல் மாதம் பிறந்தவற்றைப் பழைய கணக்கென்று விட்டுவிட்டோம். கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க, மூன்று மீன்கள் ஒரே நாளில் பெற்றன.

“ஆம்பிளையே இல்லாமல் எப்பிடித் தம்பி பெத்துது?” என்று கப்பியர் என்னைப் பிடித்துக்கொண்டார். போனில் தேடினேன். ஒருதரம் சேர்ந்தால் போதுமாம், பெண் மீன் அதை உள்ளே சேமித்துவைத்து மாதக்கணக்காகக் குட்டி போடுமாம். வாசித்துக் காட்ட எனக்கே வெட்கமாக இருந்தது.

கடைசியில் தாரணி கோயில் ஐயரைக் கூட்டிவந்தாள். துடக்கு வீட்டுக்குள் வரமுடியாதென்று அவர் படலைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். நாங்கள் விறாந்தையில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம்.

“துடக்கு சொந்தக்காரருக்குத்தான்,” என்றார் ஐயர். “உந்த மீன்கள் உங்களுக்கு என்ன முறை? ஒரு முறையும் இல்லையெண்டு வாயாலை சொல்லுங்கோ. தாராளமாய் வரலாம்.”

இவ்வளவு சுகமான வேலையா என்று நினைத்தேன். கப்பியரோ தொட்டியைப் பார்த்தார், வியர்வையைத் துடைத்தார், திரும்பவும் தொட்டியைப் பார்த்தார்.

“அப்ப எனக்கும் துடக்குத்தான் மாமா,” என்றாள் தாரணி. “உங்கடை பிள்ளையள் எனக்கு மச்சான், மச்சாள் முறையெல்லே. கலியாணத்தை நிப்பாட்டுவம்.”

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. கப்பியர் என்னிடம், “தம்பி, அந்தத் துவாயாலை தொட்டியை மூடும். உதுகளின்ரை காதிலை விழக்கூடாது,” என்றார். மூடினேன். பிறகுதான், “உதுகள் எனக்கு ஒரு முறையும் இல்லை, ஐயா,” என்று முணுமுணுத்தார்.

“கேக்கேல்லை, பலமாய்ச் சொல்லுங்கோ!” என்றார் படலையில் நின்ற ஐயர்.

பாவம், இரண்டாம் தரம் கத்திச் சொல்லவேண்டியதாயிற்று.

அளவெட்டியில் கலியாணம். தாலி ஏறும்வரை தாரணிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். பந்தியில் இருக்காமலே என் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டார். உடுவில் வரும்வரை ஒரே கேள்விதான்.

“தம்பி, நான் சொன்னது உதுகளுக்குக் கேட்டிருக்குமோ?”

“கேட்டிருக்காது அண்ணை,” என்று ஒவ்வொரு சந்தியிலும் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த மனிதருக்குப் பிள்ளையாகப் பிறந்திருக்கலாம் போல இருந்தது எனக்கு, கப்பிக் குட்டியாக என்றாலும் பரவாயில்லை.