பரங்கிக்கு ஒரு சுவர்

"அடுத்த வீட்டுக் கொடியும் பூத்துடுச்சு. தொலைஞ்சோம்!" இரண்டு தோட்டத்துக்கும் நடுவே இருந்த கட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக் கத்தினார் கொத்தனார்.

"பூத்தா பூத்துட்டுப் போகட்டுமே," என்றாள் மனைவி.

"வண்டு அங்க மேஞ்சுட்டு இங்க வந்து உக்காந்தா விதை கலந்துடும்டி. பக்கத்து வீட்டு டெய்லர் எந்தக் கடை விதையைப் போட்டிருக்கானோ!"

கொத்தனாரின் பரங்கி லேசுப்பட்டதல்ல. மாமனார் வீட்டு விதை, வருடா வருடம் இங்கே காய்ப்பது. காம்பைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். வேறெங்கும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. மிச்சமிருந்த ஐந்து விதையையும் நட்டுவிட்டார். இந்த முறை சுத்தமாக விதை எடுக்காவிட்டால் அத்தோடு போச்சு. உரமும் வீட்டு உரம். காய்கறிக் கழிவும் சருகும் போட்டு மக்க வைத்தது. "என் உரத்துல செங்கல்லை நட்டாக்கூடக் காய்க்கும்," என்று பீற்றிக்கொண்டு போன வருடம் தெருவுக்கே கூடை கூடையாகக் கொடுத்தவர்.

"என்ன விதைன்னு டெய்லரைக் கேட்டுத்தான் பாருங்களேன்."

"நான் போய் அவன்கிட்ட கேக்கணுமா?"

முதலில் கொசுவலையை எடுத்துக் கொடிமேல் போர்த்தினார். வண்டு வரவில்லை. அதனால் பிஞ்சும் பிடிக்கவில்லை. கொசுக்கள் வீட்டுக்குள் விருந்தாடின.

"கொடியை ஒரு கொசு கடிக்கல. சந்தோஷமா?" மனைவி காலைச் சொறிந்துகொண்டே கேட்டாள்.

வலையைக் கழற்றினார். "கொத்தனாருக்கு எதுக்குடி வலை?" மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைத்து, இடுப்பளவுச் சுவரை ஏழடி ஆக்கினார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். மயிரிழைகூடச் சாயவில்லை. ஊரில் இப்படி ஒரு சுவர் உண்டா!

வண்டு அதற்கு மேலேயும் பறந்து வந்தது. வெயில்தான் வரவில்லை. கொடி வெளுத்தது, பூ உதிர்ந்தது, பிடித்த ஒரே பிஞ்சும் அழுகிப் போனது.

"செங்கல்லு நல்லாக் காய்ச்சிருக்கு," என்றாள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்ததும் மோர் கொண்டுவரப் போனாள்.

கொத்தனார் கொடியைச் சுருட்டி உரக்குழியில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மாமனாருக்கு என்ன பதில் சொல்வது?

தெருவைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தாள் டெய்லரின் மனைவி. இடுப்பில், பிள்ளையைத் தூக்கி வைத்த மாதிரி, ஒரு பெரிய பரங்கிக்காய். காம்பைச் சுற்றி வெள்ளை வளையம்.

கொத்தனார் துள்ளி எழுந்தார். "இது... இந்த விதை உங்களுக்கு ஏதும்மா?"

"நாங்க எங்கண்ணே விதை போட்டோம்? போன வருஷம் நீங்க குடுத்த உரத்துல தானா முளைச்சது. முதக் காயை உங்ககிட்டதான் நீட்டணும்னு வந்தா, நடுவுல சுவரு!"