உத்தரம் விழுந்ததற்கு உத்தரவாதம் கிடையாதாம்

சேசு மரி சூசை துணை

தென்னூர், திருச்சி,
12-6-1961

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் அமிர்தசாமி அவர்களுக்கு, அத்தான் இன்னாசிராஜ் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உமது அக்காள் செல்வமேரியும் தேவ கிருபையால் உயிரோடிருக்கிறோம். வீட்டைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. தஞ்சாவூரில் உமது வீட்டாரும், வீட்டுக் கூரையும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

எங்கள் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், அவள் படுக்க ஓர் அறை வேண்டும் என்று சமையலறைச் சுவரை எடுத்து வீட்டைப் பின்பக்கம் நீட்ட நாங்கள் முடிவு செய்தது உமக்குத் தெரியும். கொத்தனாரை நம்பி வீட்டை விடப் பயமாயிருக்கிறது என்று ஈஸ்டர் விருந்தன்று நான் சொன்னபோது, இந்த வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் எழுதிக் கொடுத்த ஏஜெண்டான நீர், கோழிக் குழம்பைப் பிசைந்துகொண்டே என்ன சொன்னீர்? "இன்ஷூரன்ஸ் இருக்கையில ஏன் பயப்படுறீங்க அத்தான்? வீட்டுக்கு என்ன வந்தாலும் கம்பெனி பாத்துக்கும்" என்றீர். கம்பெனி வந்து பார்த்தது உண்மைதான். எப்படிப் பார்த்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கொத்தனார் வீரமலை முசிறிக்காரன். அவனை நான் கண்ணை மூடிக்கொண்டு அமர்த்தவில்லை. ஸ்ரீரங்கத்தில் அவன் கட்டியதாகச் சொன்ன மாடியை நேரில் போய்ப் பார்த்துத் தட்டிப் பார்த்து, மேலே ஏறி நின்றும் பார்த்துவிட்டு வந்தேன். கச்சிதமான வேலை. அது அவனுடைய அண்ணன் கட்டியது என்பது பிறகுதான் தெரிந்தது. நம் சுவரை அவன் கையால் தடவிப் பார்த்து, இது சும்மா நிற்கிற சுவர், எடுத்தால் வீட்டுக்கே தெரியாது என்றான். எடுத்தான். வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை நான் வாசலில் சவரம் செய்துகொண்டிருக்கிறேன், உமது அக்காள் உள்ளே ரசம் கூட்டிக்கொண்டிருக்கிறாள், மேலே உத்தரம் முறிகிற சத்தம் கேட்கிறது. கலவைச் சட்டியோடு வந்த சித்தாள் செல்லக்கிளி சட்டியைப் போட்டுவிட்டு உமது அக்காளைக் கொல்லைக் கதவு வழியாக வெளியே தள்ளியிருக்கிறாள். அதற்குள் கூரை இறங்கிவிட்டது. நான் பாதி முகம் சோப்போடு ஓடிப் பார்த்தால் சுண்ணாம்புத் தூசியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அன்றைக்குத் தெருவே கேட்கக் கூப்பிட்டேன். சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனால், தலைமுதல் கால்வரை வெள்ளையாய், செல்லக்கிளியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "எனக்கு ஒண்ணுமில்லைங்க. இந்தப் பொண்ணுக்குக் கை ஒடிஞ்சிருச்சு, ஜட்கா வண்டி கூப்பிடுங்க" என்றாள். அந்தச் சோப்பு முகத்தோடுதான் ஜட்காவுக்கு ஓடினேன்.

பிறகு உமது கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்தார். தீப்பிடித்ததா என்று கேட்டார். இல்லை. இடி விழுந்ததா? இல்லை. கலகக்காரர்கள் யாராவது புகுந்தார்களா? வீரமலை புகுந்தான் என்றேன். அவன் அந்த வகையில் சேரமாட்டானாம். சரி, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அதையாவது தீயில் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று கெஞ்சினேன். "அடுப்புல தீ இருக்கறது நியாயந்தானுங்க. கூரையில பிடிச்சாத்தான் எங்களைச் சேரும்" என்றார். போகிறபோது இன்னொன்றும் சொன்னார். கம்பெனிக்குத் தெரிவிக்காமல் சுவரில் கைவைத்துவிட்டபடியால் இனிமேல் தீப்பிடித்தாலும் கிடையாதாம். கட்டட வேலைக்கென்று தனியாக எடுத்திருக்க வேண்டுமாம், கொத்தனாரும் தன் ஆட்களுக்கு எடுத்திருக்க வேண்டுமாம், ஏஜெண்டு இதையெல்லாம் சொல்லவில்லையா என்று கேட்டார். ஏஜெண்டு கோழி தின்றுகொண்டிருந்தார் என்று சொன்னேன்.

வீரமலையைப் பிடித்து, ஏனப்பா நீ இன்ஷூரன்ஸ் எடுக்கவில்லை என்று கேட்டேன். "எனக்கு எதுக்குங்க? விழுந்தது உங்க வீடுதானே" என்றான். செல்லக்கிளி கை ஒடிந்ததும் என் வீட்டுக்குள் என்பதால் அதுவும் என் பொறுப்பாம். சொல்லிவிட்டு முசிறி பஸ் ஏறிவிட்டான். கம்பெனி அவனைக் காட்டுகிறது, அவன் என்னைக் காட்டுகிறான், நான் யாரைக் காட்டுவது? செல்லக்கிளி இப்போது கட்டுப் போட்ட கையோடு எங்கள் ஹாலில் இருக்கிறாள். உமது அக்காள் அவளுக்குச் சோறு ஊட்டுகிறாள், தலை பின்னிவிடுகிறாள். அந்தப் பெண் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு உன் அக்காளைக் காப்பாற்றினாள், சொல்.

'நீர்' என்று எழுத இனிக் கை வரவில்லை, நீ என்றே எழுதுகிறேன். வீட்டில் கடப்பாரை வைக்கப் போகிறவனிடம், எது விழுந்தால் கம்பெனி வரும், எது விழுந்தால் வராது என்று வாயைத் திறந்து சொல்ல உனக்கு என்ன கேடு? மின்னலுக்கும் கலகத்துக்கும் இடம் வைத்த காகிதத்தில் வீரமலைக்கு இடமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தச் சுவரைத் தொட்டிருப்பேனா? உன் அக்காள் செத்திருப்பாள்டா. இனி நீ என் வாசற்படியை மிதிக்கக் கூடாது. கிறிஸ்துமஸுக்கும் வேண்டாம். மூத்தவளுக்குத் தாய்மாமன் என்று பிறக்கப்போகிற பிள்ளைக்குக் காப்புப் போடவும் வரவேண்டாம். நீ போடுகிற காப்பின் லட்சணம் தெரிந்துவிட்டது. நமக்குள் உறவு இத்தோடு தீர்ந்தது.

உன் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு என் ஆசீர்வாதம். உன் சம்சாரத்தை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பாதிக் கூரையின் கீழிருந்து,
சூ. இன்னாசிராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஹால் கூரையும் விழுந்துவிட்டது. அன்றைய சத்தமே மறுபடி கேட்டு எல்லாரும் தெருவுக்கு ஓடிவந்துவிட்டதால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆகையால் வருகிற வியாழக்கிழமை பகல் வண்டியில் நானும் உன் அக்காளும் செல்லக்கிளியும் தஞ்சாவூர் வருகிறோம். மூத்தவளையும் நேரே அங்கேயே வரச்சொல்லி எழுதியாயிற்று. தலைப்பிரசவம் தாய்மாமன் வீட்டில் நடப்பதுதான் விசேஷம் என்று உன் அக்காள் சொல்கிறாள். ஸ்டேஷனுக்கு வந்துவிடு. உன் வீட்டில் கொத்தனார் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் மட்டும் உடனே தந்தி கொடு.