ஒன்றாம் ஒயரும் நான்காம் ஒயரும்

காரை விற்க விடுவதில்லை என்று ஹிசாஷி முடிவு கட்டிவிட்டார். தலையே போனாலும் சரி. அந்தச் சிவப்பு வண்டியோடு அவர் இருபத்து மூன்று வருஷம் வாழ்ந்திருக்கிறார். மனைவி மிட்சுயோவோடு வாழ்ந்ததே பத்தொன்பதுதான்.

மிட்சுயோவின் கட்சி வேறு. இரண்டே கதவு. பின்சீட்டில் ஓர் அரிசிப் பைகூட உட்காராது. அடுத்த மாதம் வண்டிக்கு அரசாங்கத் தகுதிச் சோதனை வேறு. ஞாயிறு காலை குவாபாரா என்பவர் வந்து ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொள்வதாகப் பேசி முடித்துவிட்டாள்.

கிளம்பாத வண்டியை எவன் வாங்குவான்? திட்டமெல்லாம் பிரமாதம்தான். ஆனால் பானட்டைத் திறந்தால் ஹிசாஷிக்குத் தெரிந்தது கண்ணாடி கழுவத் தண்ணீர் ஊற்றும் இடம் மட்டுமே. மிட்சுயோவோ கல்யாணத்துக்கு முன் எட்டு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸோடு புரண்டவள். எனவே சனிக்கிழமை சாப்பாட்டில், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதாகச் சொல்லி, மகா சாமர்த்தியமாக விசாரித்தார். எந்த பிளக் ஒயர்களை மாற்றிச் செருகினால் என்ஜின் படுத்துக்கொள்ளுமாம்?

அவள் கானாங்கெளுத்தியில் முள்ளை எடுத்தபடியே சொன்னாள். "நம்ம வண்டி மாதிரின்னா, ரெண்டு ஓரத்துல இருக்கிறதையும் மாத்திப் பாக்கச் சொல்லுங்க."

அவள் குளிக்கப் போனதும், வரிசையாக இருந்த நாலு ஒயரில் ஒன்றாவதை நான்கிலும் நான்காவதை ஒன்றிலும் செருகிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவளை ஜெயித்தது இதுதான் முதல் தடவை.

மறுநாள் குவாபாரா சாவியைத் திருகினார். ஓர் இருமல்கூட இல்லாமல் என்ஜின் கிளம்பிவிட்டது.

ஹிசாஷி வண்டிக்கு முன்னால் போய் நின்றார். இனி மானம் பார்த்து என்ன பிரயோஜனம்? "வாங்காதீங்க குவாபாரா சார். நேத்து நானே ஒயரையெல்லாம் கன்னாபின்னான்னு மாத்திட்டேன். நடுரோட்டுல நின்னுடும்."

மிட்சுயோ அசரவில்லை. "இவர் மாத்தினது ஒண்ணையும் நாலையும். ரெண்டுக்கும் கரண்ட் குடுக்கிற காயில் ஒண்ணுதான், ஒரே நேரத்துல பொறி. ஒண்ணுல பெட்ரோல் பத்திக்கும். இன்னொண்ணு அப்ப புகையை வெளிய தள்ளிட்டிருக்கும், அங்க விழற பொறி வீண்தான். அடுத்த சுத்துல அது வேலை செய்யும், இது வீண். எதை எதுல செருகினா என்ன? ஒண்ணையும் ரெண்டையும் மாத்தியிருந்தாத்தான் வம்பு."

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?" என்றார் ஹிசாஷி பரிதாபமாக.

"பக்கத்து வீட்டுக்காரர் வண்டி கெட்டுப்போனா பாவமில்லையா?"

குவாபாரா பானட்டை அன்போடு தட்டிக்கொடுத்தார். "பழைய வண்டியாச்சேன்னு பயந்துகிட்டேதான் வந்தேன் அம்மா. இவர் கைவெச்சும் ஓடுதுன்னா வேறென்ன அத்தாட்சி வேணும்? எடுத்துக்கறேன்."

மிட்சுயோ கணவர் பக்கம் திரும்பினாள். "வண்டி உங்க பேர்லதான் இருக்கு. உள்ள போய், பத்திரத்துல கையெழுத்துக்குப் பதிலாக் குத்த உங்க முத்திரையை எடுத்துட்டு வாங்க. வேற எதையும் தொடாதீங்க."